நல்ல கிடா சந்தைக்கா, மந்தைக்கா?

விதைக்கென நல்ல கதிர்களைத் தனியே எடுத்து வைப்பது நம் உழவர்களின் வழக்கம். செம்மறி மந்தையிலோ இதற்கு நேர்மாறாக நடைபெறுகிறது. வேகமாக வளர்ந்த கிடாக்குட்டியை வியாபாரி முதலில் பிடித்துச் செல்கிறார். விலை போகாத குட்டி மந்தையில் தங்கி, பின்னர் பொலிகிடாவாகிறது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் வளர்க்கப்படும் சென்னை சிவப்பு, இறைச்சிக்கேற்ற இனமாகும். உடல் செந்நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். சிலவற்றின் நெற்றியில் வெண்மை காணப்படும். கிடாக்களுக்கு முறுக்கிய கொம்புண்டு, பெட்டைகளுக்கு இல்லை. பிறந்த குட்டி சுமார் 2.5 கிலோ இருக்கும். ஒரே மேய்ச்சலில், ஒரே மாதத்தில் பிறந்த குட்டிகளிடையேயும் ஆறாம் மாதத்தில் எடை பெரிதும் வேறுபடும். இவ்வேறுபாடே இனமேம்பாட்டுக்கு மூலதனம்.

ஆயினும் வேறுபாடு முழுவதும் மரபுவழி வந்ததன்று. மூன்று மாதம் வரை குட்டியின் வளர்ச்சி பெரும்பாலும் தாய்ப்பாலைப் பொறுத்தது. ஒற்றைக் குட்டி இரட்டைக் குட்டியைவிடப் பெரிதாயிருப்பதில் வியப்பில்லை. எனவே, பால் மறந்த பின்னர், 6 மாத வயதில், ஒரே பருவத்தில் பிறந்தவற்றை மட்டும் எடை போட்டு ஒப்பிட வேண்டும். சுருள்வில் தராசு ஒன்று போதும், கண்மதிப்பு ஏமாற்றும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கிடா மந்தைச் சராசரியைவிட 4 கிலோ கூடுதல் என்போம். அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 1 கிலோ, மரபுவழிப்பட்டது எனக் கொண்டால், தந்தைவழியாகக் குட்டிக்குச் சேருவது அரை கிலோ. அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கிடா 25 முதல் 30 பெட்டைகளுக்குப் போதும். 30 குட்டிகளுக்கு 15 கிலோ ஆயிற்று! பெட்டைக் குட்டிகள் மந்தையிலேயே தங்குவதால் பலன் அடுத்த தலைமுறைக்கும் செல்லும். மட்டக் கிடாவை விட்டால் இதே கணக்கு நட்டமாகும்.

தொழிற்பேட்டையும் வீட்டுமனைகளும் பெருகி மேய்ச்சல் நிலம் குறுகும்போது மந்தையும் சிறுத்துவிடும். சிறு மந்தையில் ஒரே கிடா நெடுநாள் இருந்தால் தன் மகள்களுடனேயே இணையும். குட்டிகள் நலியும், இறப்பும் கூடும். இரண்டாண்டுக்கொருமுறை அயலூர் மந்தையுடன் கிடாவை மாற்றிக்கொள்வது நலம்.

எல்லைக்கப்பாலிருந்து உயரமான நெல்லூர்க் கிடாவை வாங்கி இணைப்போரும் உண்டு. பெரிய உடலுக்குத் தீவனமும் அதிகம் வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை சிவப்பின் இனமேம்பாட்டுப் பணி செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெறுகிறது. அங்கு ஆலோசனை கேட்கலாம்.

வியாபாரி வருமுன்பே எடை போட்டு, முதல் இரண்டு கிடாக்குட்டிகளுக்குக் காதில் அடையாளமிட்டு விடுங்கள். கையில் பணத்தை நீட்டும்போது மறுப்பது எளிதன்று. அவசரத் தேவையெனில், மூன்றாவது குட்டியைக் கொடுக்கலாம்.