தொலைவும் காலமும்: திருத்தணி வழியே ஒரு போக்குவரத்துக் கணக்கு

தமிழர் வழியை அளந்த முறைகளுள் ‘நாழிகைவழி’ என்பதும் ஒன்று. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து கடக்கும் தொலைவை அச்சொல் குறித்தது. தொலைவைக் காலத்தால் அறிவதே வழிச்செல்வோர்க்குப் பயன் தரும் என்னும் தெளிவு அதனுள் பொதிந்துள்ளது. இன்றைய போக்குவரத்துத் திட்டவியலும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது.

ஒரு வட்டாரத்திற்குச் சாலையோ பேருந்தோ திட்டமிடுவோர், முதலில் அதனைப் பல மண்டலங்களாகப் பகுப்பர். ஒவ்வொன்றுக்கும் ஒரு மையப்புள்ளி குறிப்பர். பின்னர் மண்டலத்துக்கு மண்டலம் உள்ள தொலைவு, காலம், கட்டணம் ஆகிய பயணப் பண்புகளைக் கணக்கிட்டு, நிரையும் நிரலுமாக எழுதுவர். கணிதம் இதனை ‘அணி’ என்னும். 10 மண்டலங்கள் இருப்பின் 100 கட்டங்கள். குறைந்த காலத்தில் செல்லும் வழியைக் காண, டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறை இன்றும் துணைபுரிகிறது.

மையம் எது?

திருத்தணியை ஒரு மண்டலமாகக் கொள்வோம். மக்கள் வாழும் நகரம் மலையடியில். முருகன் கோயிலோ 365 படிகளுக்கு மேலே. நாள்தோறும் கல்விக்கும் தொழிலுக்கும் செல்வோரைக் கணக்கிட, மையப்புள்ளி நகரத்தில் இருத்தல் வேண்டும். ஆடிக் கிருத்திகையன்றும் டிசம்பர் 31-இல் தொடங்கும் படித் திருவிழாவின்போதும் பயணத்தின் முடிவிடம் மலையே. எனவே, ஆண்டு முழுமைக்கும் ஓர் அணி போதாது.

காத்திருப்பும் பயணமே

அரக்கோணம் ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவில் உள்ளது. எடுத்துக்காட்டாக, இரயில் 20 நிமிடம் ஓடுகிறது எனவும், மணிக்கு ஒன்றே வருகிறது எனவும் கொள்வோம். கால அட்டவணை பாராமல் வருபவர் சராசரியாக 30 நிமிடம் காத்திருப்பார். காத்திருத்தல் மனத்துக்குச் சுமையாதலின், திட்டவியலார் அதனைப் பெரும்பாலும் இருமடங்காகக் கொள்வர். ஆக, 20-உடன் 60 சேர்ந்து 80 நிமிடம். அரைமணிக்கு ஓர் இரயில் வருமாயின் அது 50 ஆகக் குறையும். புதிய தண்டவாளம் ஒன்றும் இடாமலே இரு நகரங்களும் 30 நிமிடம் நெருங்கிவிடுகின்றன!

எல்லையும் வெற்றுக் கட்டமும்

சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முதலியோரின் போராட்டத்தின் பயனாக, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியது, நகரிக்கும் புத்தூருக்கும் திருப்பதிக்கும் மக்கள் சென்று வருதல் மாறவில்லை. மாநில எல்லையோடு வரைபடத்தை நிறுத்துபவர் இப்பயணங்களை இழந்துவிடுவர். ஆதலின் அப்பாலுள்ள ஊர்களை ‘வெளி மண்டலங்கள்’ எனச் சேர்த்தல் இன்றியமையாதது.

இதனைப் புறக்கணித்தால் விளைவது யாது? எல்லையோரச் சிற்றூரில் பயணிகள் குறைவு எனக் கணக்குக் காட்டும்; பேருந்து விடப்படாது. பேருந்து இன்மையால் பயணிகள் குறைவர். அடுத்த கணக்கும் அதையே காட்டும். இச்சுழலில் முதலில் தடைபடுவது, சொந்த ஊர்தி இல்லாத வீட்டுப் பெண்ணின் கல்லூரிப் படிப்பே.

மாணவர்கள் தத்தம் ஊரிலிருந்து கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் ஆகும் நடை, காத்திருப்பு, வண்டி மாற்றம், கட்டணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். பேருந்து வேண்டி ஊரார் அளிக்கும் மனுவோடு அத்தாளும் சென்றால், கோரிக்கை வலுப்பெறும்.