காரில் பியூஸ் போச்சா? கம்பியைச் சுற்றாதீர்கள்!

நல்ல மழை. கத்திப்பாரா பாலத்தைத் தாண்டுகிறது ஒரு கார். திடீரென்று வைப்பர் நின்று விடுகிறது! முன்னால் போகிற பஸ்கூடத் தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டினால் உதவிக்கு யாராவது வந்து நிற்பார்.

"பியூஸ் போயிருக்கும் சார். ஒரு கம்பியைச் சுத்தி விடறேன், ஓடும்!"

ஓடும்தான். ஆனால் அந்தக் கம்பியால் கார் தீப்பிடிக்கவும் கூடும்.

பியூஸ் இருப்பது விளக்கையும் ஹாரனையும் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது முக்கியமாகக் காப்பாற்றுவது வயரை! கார் பேட்டரி 12 வோல்ட்தான், தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் எங்காவது 'ஷார்ட்' ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்டை ஒரே நொடியில் கொட்டிவிடும். அப்போது பியூசுக்குள் இருக்கும் மெல்லிய தகடு முதலில் உருகி, கரண்டை நிறுத்துகிறது. அந்த இடத்தில் செம்புக் கம்பியோ, சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளோ இருந்தால்? டாஷ்போர்டுக்குள் வயர்தான் பழுக்கும்!

10 ஆம்பியருக்குப் பதில் 30 ஆம்பியர் பியூஸ் போடும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அதுவும் கம்பி சுற்றுகிற மாதிரிதான்.

எங்கே இருக்கிறது?

பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பெட்டி, பானெட்டுக்குள் பேட்டரி பக்கத்தில் இன்னொரு பெட்டி. எந்த பியூஸ் எதற்கு என்ற படம் மூடியிலோ, காருடன் தந்த புத்தகத்திலோ இருக்கும்.

முதலில் சாவியைத் திருப்பி, வெளியே எடுத்துவிட வேண்டும். விளக்குகளும் அணைந்திருக்க வேண்டும். பல பெட்டிகளில் பியூசைப் பிடுங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் இடுக்கி இருக்கும். ஸ்குரூடிரைவரால் நெம்பக் கூடாது. பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே இருக்கிற தகடு அறுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். தகடு நன்றாக இருந்தால் கோளாறு பல்பிலோ மோட்டாரிலோ இருக்கலாம்.

பழைய அம்பாசிடரில் கண்ணாடிக் குழாய் பியூஸ். இப்போது இரண்டு கால் வைத்த பிளாஸ்டிக் பியூஸ். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. தலையில் எண்ணும் போட்டிருக்கும். ஒரே ஆம்பியரில் சின்னது, பெரியது என்று சைஸ் வேறுபடும். ஆகவே புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போகும்போது பழையதையும் கையோடு கொண்டுபோவது நல்லது. விலை? ஒரு டீ காசுக்குள் முடிந்துவிடும்!

நடுரோட்டில் கடைக்கு எங்கே போவது? பெட்டியிலேயே ஒன்றிரண்டு உபரி பியூஸ் இருக்கலாம். இல்லாவிட்டால் ரேடியோவின் பியூஸ் அதே ஆம்பியர், அதே சைஸ் என்றால் தற்காலிகமாகப் பிடுங்கி வைப்பருக்குப் போடலாம். பாட்டு நின்றால் குடி முழுகிவிடாது!

மறுபடியும் போனால்?

புதிதாகப் போட்டதும் 'பட்'டென்று போனால் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. மேலும் மேலும் பியூஸ் போட்டுப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும். எலி வயரைக் கடித்திருக்கலாம். ரிலே வைக்காமல் பூட்டிய கூடுதல் ஹாரனாக இருக்கலாம். செல்போன் சார்ஜர் சொருகுகிற ஓட்டையில் சில்லறைக் காசு விழுந்தாலும் போதும்!

ஏர்பேக் பியூஸில் மட்டும் கை வைக்கக் கூடாது. பேட்டரிக் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர் ஓடும். அது 12 வோல்ட் அல்ல, ஆளையே கொல்லக்கூடியது. அதன் பக்கம் கம்பெனி மெக்கானிக்தான் போகலாம்.