தலையணையை விடுங்கள், காலைப் பாருங்கள்

சேலம், நாமக்கல் பக்கம் லாரிக்கும் பஞ்சமில்லை, கால் முறிவுக்கும் பஞ்சமில்லை. கால் எலும்பு அறுவைக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பதே வழக்கம். நோயாளி வார்டுக்கு வந்ததும் உடனிருப்பவர்கள் முதலில் பிடுங்கி வைப்பது தலையணையைத்தான். தலையைத் தூக்கினால் தலைவலி வரும் என்ற பயம். ஊசித் துளை வழியே தண்டுவட நீர் கசிவதால் அந்த வலி வருவது உண்மை. 1898-இல் இந்த முறையைத் தொடங்கிவைத்த ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியரே, தன் முதுகில் குத்தவைத்துப் பார்த்துவிட்டு அந்தத் தலைவலியில் அவதிப்பட்டார். ஆனால் மல்லாந்தே கிடப்பதால் அது தடுக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் குறைந்து, பெரும்பாலும் சில நாளில் தானாக அடங்கும். படுத்தும் விடாத தலைவலி என்றால்தான் மூளையைச் சுற்றி ரத்தக் கசிவு உண்டா என்று ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும்.

கவனம் போக வேண்டிய இடம் கால். ஊசி போட்ட பின் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டி நரம்பை அழுத்தினால் கால் செயலிழக்கும்; அது மிக அபூர்வம். எபிடியூரலையும் சேர்த்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட முதுகு ஊசிகளைக் கணக்கெடுத்த பிரிட்டன் தணிக்கை (2009), எல்லாக் காரணங்களையும் கூட்டி, மோசமாகக் கணக்கிட்டாலும் லட்சத்துக்கு 4 பேர் அளவில்தான் நிரந்தர பாதிப்பு என்றது. அபூர்வம்தானே என்று விட முடியாததற்குக் காரணம் நேரம்: கால் செயலிழந்து சுமார் 8 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியை அகற்றினால் கால் திரும்பும் வாய்ப்பு அதிகம். ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பும் நேரமும் அந்த எட்டுக்குள்தான் அடங்க வேண்டும். பிரசவத்துக்கு முதுகு ஊசி போட்டவர்களுக்காக 2020-இல் வந்த பிரிட்டன் வழிகாட்டுதல், கடைசி மருந்து ஏறி 4 மணி நேரத்தில் காலை நேராகத் தூக்கவைத்துப் பார்க்கச் சொல்கிறது. எலும்பு வார்டுக்கும் இது பொருந்தும்.

கட்டுப் போட்ட காலை எப்படித் தூக்குவது என்பீர்கள். ஊசி இரண்டு காலையும்தானே மரக்கவைத்தது. அடிபடாத காலைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கால் சரியாகி அறுவை செய்த கால் மட்டும் அசையவில்லை என்றால் இறுக்கமான கட்டையோ வேறு நரம்புக் காயத்தையோ சந்தேகிக்கலாம். இரண்டுமே அசையவில்லை, அல்லது வந்த உணர்வு மறுபடி போகிறது என்றால் ‘மருந்து இன்னும் இறங்கவில்லை’ என்ற சமாதானம் போதாது, மயக்க மருந்து டாக்டர் வந்து பார்க்க வேண்டும். இவ்வளவு வம்பு எதற்கு, முழு மயக்கமே கொடுக்கலாமே என்றால், இடுப்பு முறிந்த 1,600 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் 60 நாளில் உயிர் பிழைத்து நடப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் மட்டும் அதை ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பெயர் நினைவில்லை என்றால் மாத்திரை அட்டையையே நீட்டலாம்.