சீருடையும் மனச்சான்றும்

சட்டத்தைக் காப்பவரே அதை மீறினால் எளியவன் எங்கே போவான்?

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு வேளையில் கடை திறந்திருந்ததாகக் கூறி வணிகர் ஜெயராஜ் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தேடிச் சென்ற மகன் பென்னிக்ஸும் அங்கே பிடித்து வைக்கப்பட்டார். இரவெல்லாம் அடிபட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட மகனும் தந்தையும் 22, 23ஆம் நாட்களில் அடுத்தடுத்து மாண்டனர்.

அவ்விருளிலும் ஓர் ஒளி தோன்றியது. அந்நிலையத்துத் தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த நீதித்துறை நடுவர்முன், அச்சத்தினூடேயும், தாம் கண்டதை உரைத்தார். உடன் பணிபுரிவோர்மீது சாட்சி கூறுவது எளிதன்று.

கைதானவரை 24 மணி நேரத்துள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. உறவினருக்குத் தெரிவித்தல், 48 மணிக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை உச்ச நீதிமன்றம் டி. கே. பாசு வழக்கில் 1996இல் கட்டளையிட்டது. அபிராமபுரத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் சட்டம் ஒன்றே. ஏட்டில் இத்தனை இருந்தும் அவ்விரவில் அவை காக்கவில்லை. ஏட்டுக்கு உயிர் தருவது மனச்சான்றே.

தம்மை நாடி வந்த போர்வீரரிடம் பணியை விட்டுவிடுமாறு ஸ்நாபக அருளப்பர் கூறவில்லை. அச்சுறுத்திப் பணம் பறியாமலும் பொய்க்குற்றம் சாட்டாமலும், பெறும் ஊதியத்தில் நிறைவு கொள்ளுமாறே பணித்தார் (லூக். 3). ஆகவே காவற்பணி இழிந்ததன்று. செய்யும் விதமே அதை உயர்த்தும், தாழ்த்தும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை காக்கி உடுத்தச் சென்றால் ஆசி கூறி அனுப்புங்கள். "மேலதிகாரி ஏவினாலும் கட்டுண்டவன்மீது கை ஓங்காதே, கண்டதை மறைக்காதே" என்றும் சொல்லி அனுப்புங்கள். நாமும் கையூட்டு நீட்டாதிருப்போம். நம் பங்கின் காவலர் குடும்பங்களைச் செபத்தில் நினைப்போம்.