நஞ்சேறிய மண்ணுக்கு வெட்டிவேர்

பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிலின் கழிவால் உவர்ப்பும் குரோமியமும் ஏறிய நிலங்கள் பல உண்டு. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் டன். அதே ஆறுதான் கீழே காஞ்சிபுரம் பகுதிக்கும் வருகிறது. எனவே நம் விவசாயிகளும் இதை அறிந்திருப்பது அவசியம்.

குரோமியம் ஓர் உலோகம். இலை தழை போல் மக்காது. காற்றில் தூசியாகப் பறக்கும். மழைநீரோடு அடுத்த வயலுக்குப் போகும். அதன் கொடிய வகை நீரில் கரைந்து கிணற்றிலும் இறங்கும். பழைய சுரங்கங்களின் கழிவு மேடுகளிலும் இதே தொல்லைதான். சீனாவில் ஈயச் சுரங்கக் கழிவிலும், ஆஸ்திரேலியாவில் தங்கச் சுரங்கக் கழிவிலும் வெட்டிவேரை நட்டு மண்ணை நிலைநிறுத்தியுள்ளனர்.

வெட்டிவேர் நம் நாட்டுப் புல். உவரைத் தாங்கும். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேர்கீழாக 3 மீட்டர் வரை இறங்கும். உறிஞ்சும் குரோமியத்தில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்ளும்.

மண் பரிசோதனை: முதலில் வயலில் 10 இடங்களில் 15 செ.மீ. ஆழம் மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அனுப்புங்கள். மரக்குச்சியால் எடுப்பதே நல்லது. சாதாரணப் பரிசோதனையில் உவர், களர் நிலை தெரியும். குரோமியத்தைத் தனியாகக் கேட்டுப் பார்க்கவேண்டும். களர் இருந்தால் மட்டும் சிபாரிசுப்படி ஜிப்சம் இடலாம்.

நடவு: ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடவும். இது கரையும் குரோமியத்தை எளிதில் கரையாத வகையாக மாற்ற உதவும். புரட்டாசியில், மழைக்கு முன், இரண்டு மூன்று தூர் கொண்ட நாற்றுகளைச் சரிவுக்குக் குறுக்கே, 15 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நடவும். வரிசைகளுக்கிடையே ஆவாரை, புங்கன் வைக்கலாம். சீமைக்கருவேலை விடவேண்டாம்; அதன் நெற்றுக்கு ஆடுமாடுகள் வந்து சேரும்.

எச்சரிக்கை: இங்கு வளரும் வெட்டிவேருக்கு நல்ல விலை கிடைக்குமென்று தோண்டி விற்கக் கூடாது. குடிநீர்ப் பானையிலும் கோயில் மாலையிலும் சேரும் பொருள் அது. நஞ்சு தங்கியிருப்பதும் அந்த வேரில்தான். வேரைத் தோண்டினால் மண்ணும் மீண்டும் இளகிவிடும். தழையை மாட்டுக்குப் போடவோ எரிக்கவோ வேண்டாம். மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கும் கொடுக்க வேண்டாம். அந்த நிலத்தில் கீரை, கிழங்கு கூடாது.

இம்முறை நஞ்சை நீக்காது. இருந்த இடத்தில் கட்டிவைக்கும், அவ்வளவே. பக்கத்து வயலும் கிணறும் பிழைக்க அதுவே பெரிய உதவி.

இதற்கான செலவு முழுவதும் சிறு விவசாயியின் தலையில் விழவேண்டியதில்லை. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று, வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-லேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-லும் அதை வலியுறுத்தியது. ஆகவே மண், நீர்ப் பரிசோதனை அறிக்கைகளைத் தேதியோடு பத்திரப்படுத்தி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள்.