சிறு ட்ரோனின் இறக்கைத் திருகாணிகள்

வயலுக்குள் இறங்காமல் வரப்பின்மேல் நின்றபடியே பயிரின் நிலையைப் பார்த்தறியும் பொருட்டு, பொழுதுபோக்கிற்கென விற்கப்படும் சிறு ட்ரோன்களை நம் மிராசுதாரர்களில் சிலர் வாங்கி வைத்திருக்கின்றனர். நடவு விட்டுப்போன இடம், நீர் தேங்கிய பள்ளம், காட்டுப்பன்றி புகுந்த வழி ஆகியவற்றை அது கால்மணி நேரத்திற்குள் காட்டிவிடுகிறது. மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோன்கள் வேறு. அவற்றின் பராமரிப்பு பயிற்சி பெற்றவர்களைச் சேர்ந்தது. இங்கு எழுதப்புகுவது சிறியதைப் பற்றியே. அதிலும் அதன் மிகச் சிறிய உறுப்பாகிய இறக்கைத் திருகாணியைப் பற்றியே.

சென்ற சம்பா அறுவடையின்போது விவசாயி ஒருவர் தம் களத்துமேட்டிலிருந்து ட்ரோனைப் பறக்கவிட்டார். நானும் உடனிருந்தேன். தென்னை உயரம் சென்றதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, தலைகுப்புறக் களத்திலேயே வந்து விழுந்தது. விழுந்த இடத்திற்கு இரண்டு முழத்தில் அவருடைய பேத்தி சிதறிய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. எடுத்துப் பார்த்தபோது ஒரு மோட்டாரில் ஓர் இறக்கையைக் காணோம். அதைப் பிடித்திருந்த திருகாணியையும் காணோம். ஆணி உட்காரும் துளையின் புரிகளோ சிறிதும் கெடாமல் இருந்தன. ஆகவே ஆணி ஒடியவில்லை. தானே கழன்று போயிற்று. நுனி உடைந்த இறக்கையை முதல் நாள் மாற்றியபோது பழைய ஆணியையே திரும்பவும் பூட்டியதாக அவர் சொன்னார். “கை வலிக்க முறுக்கினேன், ஐயா” என்று வருந்தினார். அவர் சொன்னது உண்மையே. முறுக்கியது மட்டும் போதாது என்பதே இங்குள்ள சங்கதி.

சாய்த்து வைத்த பலகையின்மீது ஒரு நெல் மூட்டையை வைத்தால் அது உராய்வினால் அப்படியே நிற்கும். பலகையைப் பக்கவாட்டில் ஆட்டினாலோ, ஒவ்வோர் ஆட்டத்திற்கும் மூட்டை சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி நழுவும். பக்கவாட்டில் ஆட்டிய நாம் அதைக் கீழே தள்ளவில்லை. ஆயினும் உராய்வு ஒரு திசையில் தோற்றால் எல்லாத் திசையிலும் தோற்கிறது. திருகாணியின் புரியும் ஆணியைச் சுற்றிச் சுருட்டிய ஒரு சாய்பலகையே. நீளவாக்கில் இழுக்கும் அதிர்ச்சியைக் காட்டிலும் குறுக்கே அசைக்கும் அதிர்ச்சியே ஆணியைக் கழற்றுவதில் கொடியது என்பதைக் கெர்ஹார்ட் யுங்கர் என்னும் பொறியியலாளர் 1969-ல் பரிசோதனையால் காட்டினார். நிமிஷத்திற்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழலும் இறக்கையில், நுனி சிறிது தேய்ந்தாலும் கோணினாலும் எழுவது இந்தக் குறுக்கதிர்ச்சியே. மாட்டுவண்டியின் கடையாணியைப் போல இதற்கும் தனியே ஒரு காவல் வேண்டும்.

மோட்டாரின் நடு அச்சில் ஒரே சுரையால் இறக்கையைப் பூட்டும் வகைகளில், சுழற்சியே சுரையை இறுக்கும்படி சில மோட்டார்களுக்கு இடப்புரி வைப்பதுண்டு. உள்ளே நைலான் வளையம் வைத்த சுரைகளும் வழக்கில் உள்ளன. வளையம் தேய்ந்து, சுரை விரலாலேயே திரும்பத் தொடங்கினால் அதை எறிந்துவிட வேண்டும். அச்சுக்கு இருபுறமும் இரண்டு மில்லிமீட்டர்ப் பருமனுள்ள ஆணிகளால் இறக்கையைப் பூட்டும் வகைக்கு இவ்வுபாயங்கள் உதவமாட்டா. அதற்குப் பசையே காவல்.

2019-ல் வெளிவந்த 249 கிராம் எடையுள்ள மாவிக் மினி இவ்வகையைச் சேர்ந்தது. நான்கு மோட்டார்கள், மோட்டாருக்கு இரண்டு இறக்கை, இறக்கைக்கு ஓர் ஆணி, ஆக எட்டு ஆணிகள். ஓர் இறக்கை உடைந்தாலும் அந்த மோட்டாரின் இரண்டு இறக்கைகளையும் ஆணிகளோடு நீக்கிவிட்டு, ஒரே உறையில் வந்த புதிய ஜோடியைப் பூட்ட வேண்டும் என்று அதன் கைப்புத்தகம் விதிக்கிறது. இது வியாபார தந்திரமென்று நம்மவர் எண்ணுவர். நானும் அப்படி எண்ணியதுண்டு. புதிய ஆணியின் புரியில் பூட்டுப்பசை முன்னமே தடவியிருக்கிறது. ஒருமுறை கழற்றினால் அப்பசை உதிர்ந்து போகும். களத்துமேட்டில் நேர்ந்தது இதுவே. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடுத்த மத்திய அரசின் உத்தரவு உதிரிப்பாகங்களைத் தடுக்கவில்லை. ஆதலால் பழைய ஆணியை மறுபடி உபயோகிக்க நியாயமில்லை.

அவசரத்தில் பழையதையே பூட்ட நேர்ந்தால், கடைகளில் ‘லாக்டைட்’ என்று கேட்டால் கிடைக்கும் பசையை உபயோகிக்கலாம். காற்றுப்பட்டால் திரவமாகவே இருந்து, காற்றில்லாத உலோக இடுக்கில் மட்டும் இறுகுவது இதன் குணம். குப்பியைப் பாதி வெறுமையாக விற்பதும் இதனால்தான். கடைக்காரருடன் சண்டையிட வேண்டாம். நீலம் நடுத்தர வலிவுள்ளது. ஊதா அதனிலும் இளகியது, சிற்றாணிகளுக்கு ஏற்றது. சிவப்பைத் தொடவே கூடாது. அது இறுகினால் சூடேற்றித்தான் கழற்ற முடியும், அச்சூட்டில் மோட்டார் கெடும்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்பசை சிலவகைப் பிளாஸ்டிக்குகளில் நுண்ணிய வெடிப்பை உண்டாக்கும். காவலுக்கென இட்ட பசை இறக்கையின் அடியில் வழிந்தால், சில நாளில் இறக்கையே பறக்கும்போது முறியும். ஆகையால் குப்பியிலிருந்து நேரே ஊற்றாமல், குண்டூசி முனையில் தொட்டு, எண்ணெய் நீங்கத் துடைத்த ஆணியின் நுனிப்புரி இரண்டு மூன்றில் மட்டும் தடவுக. பெட்டியோடு வந்த திருப்புளியினாலேயே பூட்டுக. பெரிய திருப்புளி ஆணியின் தலையையோ துளையின் புரியையோ சிதைத்துவிடும். ஆணி முற்றும் அமர்ந்தபின்னும் மடக்கு இறக்கை தன்னிடத்தில் இலகுவாகத் திரும்ப வேண்டும். பின்பு ஒரு முழு நாள் பறக்கவிடாமல் வைக்க வேண்டும். உடனே ஒட்டும் சாதாரணப் பசைகள் அதிர்ச்சியில் நொறுங்குவனவாதலால் இதற்கு உதவா.

ஆணித்தலையிலிருந்து மோட்டாரின் மேல்வரை அழியாத மையால் ஒரு மெல்லிய கோடு இழுத்து வைப்பது நல்லது. கோடு முறிந்து காணப்பட்டால் ஆணி அசைந்துவிட்டது, அன்று பறக்கவிடலாகாது. முப்பது மணிப் பறப்பிற்கு, அதாவது உத்தேசம் அறுபது தடவைக்கு, ஒருமுறை ஆணிகளைச் சோதிக்கும்படி கைப்புத்தகம் கூறுகிறது. பதரும் தூசியும் நிறைந்த நம் களங்களில் ஒவ்வொரு தடவையும் கோட்டைப் பார்ப்பதே உசிதம். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, சுமை உட்பட 250 கிராமுக்கு மேற்படாதவை நானோ வகையாகும். இவற்றை இயக்கச் சான்றிதழ் வேண்டுவதில்லை. சான்றிதழில்லாத கைகளிலேயே இவை மிகுதியும் இருக்குமாதலால், இறக்கை கழன்றதென்று புகார் வருமிடத்து, ஆணித்துளையில் புரி கெட்டிருக்கிறதா, பசையின் அடையாளம் உண்டா என்பதை முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். புரி நன்றாயிருந்து பசையில்லாவிட்டால், ஆணி தானே கழன்றதென்று கருதப் பெரிதும் இடமுண்டு.