யார் அகதி? ஆய்வுத் தரவுத்தளத்துக்கான தேர்வு விதிகளும் சாதியும்

திருப்பூர் பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் அகதிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தரவுத்தளமாகத் தொகுக்க முனைவோர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, யார் அகதி என்பதே. எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விடுவது என்னும் விதிகள் அந்த விடையிலிருந்தே பிறக்கின்றன.

இனம், மதம், தேசிய இனம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் நேரும் துன்புறுத்தலுக்கு அஞ்சித் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரையே 1951 அகதிகள் உடன்படிக்கை அகதி என்கிறது. இந்தியா அதில் கையொப்பமிடவில்லை. இந்த வரையறையை மட்டும் கொண்டால், தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் விடுபடும். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை வாழ்ந்த மண்ணிலேயே நாடற்றோர் ஆக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அவ்வாறு வந்தோர் அரசு ஆவணங்களில் ‘தாயகம் திரும்பியோர்’; 1983 வன்முறைக்குப் பின் தப்பி வந்தோர் ‘அகதிகள்’. ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணனும் தம்பியும்கூட இவ்விரு பெயர்களால் பிரிக்கப்படலாம்.

இத்தோட்டத் தொழிலாளருள் பெரும்பான்மையோர் தலித்துகள். ‘இலங்கைத் தமிழர்’ என்ற ஒற்றைத் தலைப்பு இந்த உண்மையை மறைத்துவிடும்.

எனவே நான்கு விதிகள் தேவை.

ஒன்று: அகதிகளோடு நாடற்றோர், தாயகம் திரும்பியோர் பற்றிய ஆய்வுகளையும் சேர்க்க வேண்டும். பீகார், ஒடிசாவிலிருந்து வரும் தொழிலாளர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களைப் பற்றிய ஆய்வுகளுக்குத் தனிப்பிரிவு வேண்டும்.

இரண்டு: ஆங்கில ஆய்விதழ்களோடு நில்லாமல், தமிழில் எழுதப்பட்ட கல்லூரி ஆய்வேடுகள், தொழிற்சங்க அறிக்கைகள், அரசாணைகள், தீர்ப்புகள் ஆகியவற்றையும் ஏற்க வேண்டும்.

மூன்று: ஆய்வு சாதியையும் பாலினத்தையும் கணக்கில் கொண்டதா என்பதை ஒவ்வொரு பதிவிலும் குறிக்க வேண்டும். குறிப்பிடாத ஆய்வை நீக்க வேண்டியதில்லை. அந்த மௌனத்தையும் பதிய வேண்டும்.

நான்கு: முகாம்வாசிகளை அடையாளம் காட்டும் விவரங்களைப் பொதுப்பார்வைக்கு வைக்கக் கூடாது. நீக்கிய ஆய்வுகளின் பட்டியலையும் காரணங்களையும் வெளியிட வேண்டும்.

வகைப்பாடு வெறும் நூலக வேலையன்று. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. அவர்கள் வம்சாவளியே அவ்வழக்கின் அடிப்படை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ இலங்கையைச் சேர்க்கவில்லை. எந்தப் பெயரின்கீழ் ஒருவர் பதியப்படுகிறார் என்பதைப் பொறுத்தே அவர் உரிமை அமைகிறது. சான்றுகளைத் தொகுப்போரின் பொறுப்பும் அங்கேதான் தொடங்குகிறது.